உங்களைப் பத்தி தப்பா எழுதினா ஒரு வழி, தப்பா பேசினா வேற வழி: சிங்கப்பூர்ல லைபலும் ஸ்லாண்டரும்

எங்க வீட்டு ரூம்ல இருந்து காலி பண்ணிட்டுப் போனவர், நான் டெபாசிட்டை ஆட்டையப் போட்டுட்டேன்னு என் போட்டோவோட ஒரு ஃபேஸ்புக் குரூப்ல போட்டாரு. அவரோட சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு விசேஷ வீட்ல நாலு பேர் முன்னாடி, அவன் சண்டைக்காரன், ஆளு சரியில்ல, அவன் வீட்டுப் பக்கம் போயிடாதீங்கன்னு வாயாலயே சொன்னாரு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வக்கீலைப் பார்க்கப் போனப்பதான் ரெண்டும் இங்க வேற வேற லைன்னு தெரிஞ்சுது, ஒண்ணுக்கு லெட்டர் அனுப்பலாம்னாரு, இன்னொண்ணுக்கு காசு செலவு பண்ணாதீங்கன்னாரு. அதுக்கப்புறம் அலைஞ்சு கேட்டு படிச்சு சேர்த்ததைத்தான் கீழ வரிசையா எழுதியிருக்கேன். நான் வக்கீல் இல்ல, உங்க கேஸுக்கு முடிவு எடுக்கும்போது ஒரு வக்கீலைப் பார்த்துக்குங்க, ஆனா அவர் முன்னாடி போய் உட்கார்றப்ப இதெல்லாம் தெரிஞ்சிருந்தா அரை மணி நேர ஃபீஸாவது மிச்சம்.

1. முதல்ல உங்க விஷயம் எந்தப் பக்கம்னு பாருங்க

பதிவாகி நிக்கிற மாதிரி இருந்தா அது லைபல். ஃபேஸ்புக் போஸ்ட், வாட்ஸ்ஆப் மெசேஜ், இமெயில், கூகுள் ரிவ்யூ, லிஃப்ட் பக்கத்துல ஒட்டின நோட்டீஸ், போட்டோவுக்கு மேல எழுதின கேப்ஷன் எல்லாம் இதுல வரும். வாயால சொல்லி காத்துல போனது ஸ்லாண்டர். ரேடியோ, டிவில பேசினது மட்டும் பேச்சா இருந்தாலும் 1957ல வந்த அவதூறுச் சட்டப்படி நிலையான வடிவம், அதாவது லைபல் கணக்கு. அப்ப வாய்ஸ் நோட்டு, யூடியூப் வீடியோ எல்லாம்? ரெகார்ட் ஆகி திரும்பத் திரும்பக் கேக்கலாம்ங்கறதால அதை லைபல்னு சொல்லித்தான் வாதாடுவாங்க, எதிர்ப்பக்கம் இல்லன்னும் சண்டை போடலாம், அதனால வாய்ஸ் நோட்டு மட்டும்தான் இருக்குன்னா அதை வக்கீல்கிட்ட முதல் கேள்வியா வைங்க.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்னா, லைபல்ல உங்களுக்குப் பண நஷ்டம் ஆச்சுன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, பேர் கெட்டுச்சுன்னு சட்டமே எடுத்துக்கும். ஸ்லாண்டர்ல அப்படி இல்ல, அந்தப் பேச்சாலதான் இன்ன நஷ்டம்னு காசுக் கணக்கா காட்டணும். வேலை போச்சு, ஆர்டர் கேன்சல் ஆச்சு, இந்த மாதிரி. சொந்தக்காரங்க பேசறதில்ல, விசேஷத்துக்குக் கூப்பிடறதில்ல, ராத்திரி தூக்கம் வரல, இதெல்லாம் எவ்வளவு வலிச்சாலும் அந்தக் கணக்குல ஏறாது.

நஷ்டம் காட்டாமலே ஸ்லாண்டருக்குப் போகலாம்ங்கற விலக்கு நாலு இருக்கு, இதை நல்லா பாருங்க ஏன்னா நிறைய பேரோட கேஸ் இதுக்குள்ளதான் விழும். ஜெயிலுக்குப் போற அளவுக்கு ஒரு குற்றம் பண்ணினான்னு சொன்னா (திருடினான், கையாடல் பண்ணினான்). தொழில், வேலை, பதவி விஷயத்துல மட்டம் தட்டினா, உதாரணத்துக்கு ஒரு எலெக்ட்ரீஷியனைப் பார்த்து இவன் லைசென்ஸே இல்லாம வேலை செய்யறான்னு சொல்றது. ஒரு பொண்ணோட நடத்தையைப் பத்தி தப்பா சொன்னா, இதுக்கு சட்டத்துலயே தனிப் பிரிவு இருக்கு. அப்புறம் தொத்துற மாதிரி சில நோய் இருக்குன்னு கெளப்பி விட்டா. என் விஷயத்துல அந்த விசேஷ வீட்டுக்காரர் சொன்ன சண்டைக்காரன், ஆளு சரியில்ல எதுவும் இந்த நாலுல உட்காரல, அங்கேயே அது முடிஞ்சுது. அதே மனுஷன் திருடன்னு சொல்லியிருந்தா கதை வேற.

2. அவதூறுதானான்னு மூணு கேள்வி கேளுங்க

ஒண்ணு, சாதாரணமா யோசிக்கற ஒரு ஆள் இதைப் படிச்சா உங்களைத் தரக்குறைவா நெனைப்பாரா. கெட்ட வார்த்தையில திட்டறது பல நேரம் வெறும் திட்டுதான், அவதூறு ஆகாது. ரெண்டு, அது உங்களைத்தான் சொல்லுதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியுமா. பேர் போடணும்னு அவசியம் இல்ல, "பிளாக் கீழ இருக்கற அந்த மளிகைக்கடைக்காரர்"னு எழுதினாலே அந்தப் பேட்டைக்குத் தெரிஞ்சா போதும். மூணு, உங்களைத் தவிர இன்னொருத்தருக்காவது அது போய்ச் சேர்ந்துச்சா. உங்களுக்கு மட்டும் தனியா அனுப்பின மெசேஜ் எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் அவதூறு இல்ல, அதுக்குத் தொல்லைச் சட்டம்தான் வழி, அதைக் கீழ சொல்றேன்.

மூணாவது கேள்வியில ஒரு பொறி இருக்கு. தனியா உங்களுக்கு வந்த மெசேஜை கோவத்துல நீங்களே ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு "பாருங்க என்னை எப்படிப் பேசியிருக்கான்"னு எழுதினா, அதைப் பரப்பினது நீங்கதான்.

3. எதிராளி என்ன சொல்லித் தப்பிப்பாருன்னு இப்பவே யோசிங்க

உண்மைன்னு நிரூபிச்சா அவருக்கு முழுப் பாதுகாப்பு. நிரூபிக்கற பொறுப்பு அவரோடது, ஆனா நீங்க டெபாசிட்டுல நெஜமாவே கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கிட்டு ரசீது குடுக்கலன்னா இந்தப் பஞ்சாயத்தை ஆரம்பிக்காதீங்க, எல்லாம் கோர்ட்டுல வெளிய வரும். அடுத்தது நியாயமான கருத்துங்கற வாதம். பொது அக்கறை உள்ள விஷயத்துல, உண்மையான தகவல் மேல, வஞ்சம் இல்லாம சொன்ன அபிப்பிராயம்னா பாதுகாப்பு உண்டு. "இந்தக் கடை பிரியாணி வாயில வைக்க முடியல"ன்னா கருத்து. "பிரியாணியில எலி கெடந்துச்சு"ன்னா தகவல், எலியைக் காட்டணும். ரிவ்யூ படிச்சுட்டு கேஸ் போடறேன்னு துள்ற கடைக்காரங்க பாதிப் பேர் முதல் வகைக்குத்தான் துள்றாங்க.

மூணாவது, சொல்ல வேண்டிய கடமை உள்ளவர் கேக்க வேண்டிய ஆள்கிட்ட சொன்னது. பழைய முதலாளி புது முதலாளிக்குக் குடுக்கற ரெஃபரன்ஸ், மனிதவள அமைச்சுக்குப் போடற புகார் எல்லாம் இந்த ரகம். வேணும்னே வஞ்சத்துல பொய் சொன்னதா நீங்க காட்டினாத்தான் அந்தப் பாதுகாப்பு உடையும், அது லேசு இல்ல.

"நான் எழுதல, ஷேர்தான் பண்ணேன்" மட்டும் இங்க பாதுகாப்பு கிடையாது. லியோங் ஸ்ஸே ஹியான்னு ஒருத்தர் ஒரு கட்டுரையோட லிங்கை ஒரு வார்த்தை கூட எழுதாம ஃபேஸ்புக்ல ஷேர் பண்ணாரு, அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங் போட்ட வழக்குல 2021ல 133,000 வெள்ளி கட்டச் சொல்லித் தீர்ப்பு. இதைப் பார்த்து உங்களுக்கும் லட்சக்கணக்குல வரும்னு கணக்குப் போடாதீங்க, நஷ்ட ஈடு யாரைப் பத்தி சொன்னாங்க, எத்தனை பேர் படிச்சாங்கன்னு பார்த்துத்தான் வரும், உங்களையும் என்னையும் மாதிரி ஆளுக்கு அதுல சின்னப் பங்குதான்.

4. ஆதாரத்தை அன்னிக்கே எடுங்க

இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. போஸ்டைப் பார்த்த உடனே சண்டைக்குப் போகாதீங்க, கமெண்ட் போடாதீங்க, அவருக்கு ஃபோன் அடிக்காதீங்க. அடிச்சா முதல் வேலையா அவர் டெலிட் பண்ணுவாரு.

எழுத்துக்கு: முழு போஸ்டும் தெரியற ஸ்கிரீன்ஷாட், தேதி, மணி, போட்டவரோட பேர், கீழ உள்ள கமெண்ட், எத்தனை ஷேர், குரூப்ல எத்தனை பேர். போஸ்டோட லிங்கையும் அவரோட புரொஃபைல் லிங்கையும் காப்பி பண்ணி வைங்க, பேரை மாத்திடுவாங்க, லிங்க் இருந்தா கண்டுபிடிக்கலாம். முடிஞ்சா ஃபோன்ல ஸ்கிரீன் ரெகார்டிங் ஓட விட்டு குரூப் பக்கத்துல இருந்து போஸ்ட் வரைக்கும் உருட்டிக் காட்டுங்க, எடிட் பண்ண படம்னு சொல்ல முடியாது. வாட்ஸ்ஆப்னா எக்ஸ்போர்ட் சாட் பண்ணி உங்களுக்கே இமெயில் அனுப்பிக்குங்க, அனுப்பினவரோட நம்பர் தெரியணும், நீங்க சேவ் பண்ணி வெச்ச "ரூம் குமார்"ங்கற பேர் மட்டும் தெரிஞ்சா பத்தாது. மெசேஜ் தானா மறையற செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஃபோனை மாத்தறதா இருந்தா கேஸ் முடியற வரை பழைய ஃபோனை விக்காதீங்க.

பேச்சுக்கு: கேட்டவங்க யாருன்னு பேரும் நம்பரும், எந்த எடம், எந்த நாள், என்ன வார்த்தை. "உன்னைப் பத்தி ஏதோ தப்பா பேசினாங்கப்பா" அப்படிங்கறது ஒண்ணுக்கும் உதவாது, சொன்ன வார்த்தை அப்படியே வேணும், தமிழ்ல சொன்னா தமிழ்லயே. கேட்டவர் வந்து சாட்சி சொல்வாரான்னு இப்பவே கேட்டுடுங்க. சொந்த பந்தத்துக்குள்ள பெரும்பாலும் "எதுக்குண்ணே வம்பு, விடுங்க"ன்னு நழுவிடுவாங்க, அங்கயே பாதி ஸ்லாண்டர் கேஸ் செத்துப் போகுது. ரூம் எடுக்க ஒத்துக்கிட்டவர் அதைக் கேட்டுட்டு வேணாம்னு சொன்னாரா, அந்தக் காரணத்தை அவரே எழுதின மெசேஜ் இருந்தா தங்கம் மாதிரி வைங்க, ஸ்லாண்டர்ல நஷ்டத்தைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மொழிபெயர்ப்பு தனிச் செலவு. கோர்ட்டுக்கு இங்கிலீஷ் வேணும், தமிழ்ல இருக்கற போஸ்ட், வாய்ஸ் நோட் எல்லாத்துக்கும் மூலத்தையும் வெச்சு சர்டிஃபைடு மொழிபெயர்ப்பும் வெக்கணும். பக்கத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, அதனால எது முக்கியமோ அந்தப் பகுதியை முதல்ல வக்கீல்கிட்ட காட்டி, தேவையானதை மட்டும் குடுங்க. முந்நூறு மெசேஜையும் தூக்கிக் குடுத்தா பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

5. காசும் காலமும்

காலம் முதல்ல. சிவில் வழக்குக்கு இங்க 6 வருஷம் டைம். நம்ம ஊர்ல, அதாவது இந்தியாவுல, லைபலோ ஸ்லாண்டரோ 1 வருஷம்தான், அதை வெச்சு இங்கயும் முடிஞ்சு போச்சுன்னு விட்டவங்களும் உண்டு. ஆனா 6 வருஷம் இருக்கேன்னு ஆறப்போடாதீங்க, ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டுப் போனா, அவ்வளவு பாதிச்சிருந்தா ஏன் அப்பவே கேக்கலன்னு கேப்பாங்க, கேள்வி நியாயம்தான்.

காசு: நான் விசாரிச்ச எடங்கள்ல வக்கீல் லெட்டருக்கு மட்டும் சில நூறு வெள்ளியில ஆரம்பிச்சாங்க, விஷயம் சிக்கல்னா ஆயிரத்தைத் தாண்டுது. கேஸ் போட்டு விசாரணை வரைக்கும் போனா பத்தாயிரக் கணக்குல யோசிக்கணும். ஜெயிச்சா செலவு எதிராளி குடுப்பாருன்னு சொல்வாங்க, முழுசா குடுக்க மாட்டாரு, ஒரு பகுதிதான் வரும். தோத்தா உங்க செலவோட அவர் செலவுலயும் ஒரு பகுதி உங்க தலையில. லீகல் எய்ட் ப்யூரோங்கற அரசாங்க சட்ட உதவி குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) மட்டும்தான், அவங்களுக்குமே அவதூறு வழக்கு அந்த உதவியில வராது. இலவச சட்ட ஆலோசனைக்கு ப்ரோ போனோ எஸ்ஜி நடத்தற கிளினிக் இருக்கு, முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் எடுக்கணும், யாருக்கு எது கிடைக்கும்னு கேட்டுட்டுப் போங்க. அங்க ஆலோசனைதான், உங்களுக்காக வாதாட மாட்டாங்க. குடுக்கற நேரம் குறைச்சல், அதனால நடந்ததை தேதி வாரியா ஒரே பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க, ஆரம்பத்துல இருந்து கதை சொல்ல ஆரம்பிச்சா டீ ஆறிடும்.

வேலை அனுமதில, எஸ் பாஸ்ல (அதுவும் ஒரு வேலை பாஸ்தான்) இருக்கறவங்களும் சிவில் வழக்கு போடலாம், தடை இல்ல. ஆனா நடுவுல பாஸ் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டா, எதிராளி கேட்டுக்கிட்டா, அவர் செலவுக்கு ஈடா முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டுங்கன்னு கோர்ட் சொல்லலாம். அதே மாதிரி எழுதினவர் திருச்சிக்குத் திரும்பிட்டாருன்னா, அங்க அவர் கையில கோர்ட் பேப்பரைச் சேர்க்க கோர்ட் அனுமதி வாங்கணும், செலவும் மாசமும் கூடும். ஆள் இங்க இருக்கும்போதே நகருங்க.

6. லெட்டர் அனுப்பறது

பெரும்பாலான விஷயம் இங்கயே முடியும், முடியணும். லெட்டர்ல இருக்க வேண்டியது: சொன்ன அதே வார்த்தை, எங்க எப்ப வந்துச்சு, அது ஏன் பொய், என்ன வேணும். வேணும்ங்கறது வழக்கமா நாலு, போஸ்டை எடுக்கணும், அதே எடத்துல மன்னிப்பு போடணும், இனி சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும், வேணும்னா நஷ்ட ஈடும் செலவும். கெடு பொதுவா 7 நாள்ல இருந்து 14 நாள் குடுப்பாங்க, சட்டத்துல இத்தனை நாள்னு கட்டாயம் இல்ல.

நீங்களே எழுதலாம், வக்கீல் லெட்டர்ஹெட்ல வந்தா பயம் ஜாஸ்திங்கறது நெசம். மன்னிப்பு எந்த வார்த்தையில வரணும்னு டிராஃப்ட் நீங்களே குடுத்துடுங்க, இல்லன்னா "யார் மனதாவது புண்பட்டிருந்தால்"னு ஒரு மழுப்பல் வரும், அதுல பொய் சொன்னேன்னு எங்கயும் இருக்காது. என் விஷயத்துல தொகை கேக்கல, போஸ்டை எடுத்து அதே குரூப்ல மன்னிப்பு போட்டா போதும்னு கேட்டோம், முதல்ல மழுப்பல்தான் வந்துச்சு, டிராஃப்டைத் திருப்பி அனுப்பின பிறகு சரியா போட்டாரு. மன்னிப்பு வேற குரூப்ல வந்தா பிரயோஜனம் இல்ல, பொய்யைப் படிச்ச அதே ஆளுங்க படிக்கணும், அதை லெட்டர்லயே எழுதுங்க.

லெட்டர்ல மிரட்டாதீங்க. "உன் பாஸை கேன்சல் பண்ண வைப்பேன்" மாதிரி ஒரு வரி வந்தா அதுவே உங்களுக்கு எதிரா திரும்பும்.

7. கோர்ட்டுக்கு முன்னாடி ரெண்டு சின்ன வழி

2014ல வந்த தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டம், போஹான்னு சொல்வாங்க. இதுக்குன்னு தனி நீதிமன்றம் 2021 ஜூன் 1ல இருந்து நடக்குது. உங்களைப் பத்தி பொய்யான தகவல் வந்திருந்தா, அதை நிறுத்தச் சொல்லியோ கூடவே திருத்தம் போடச் சொல்லியோ உத்தரவு கேக்கலாம், கம்பெனியும் கேக்கலாம். நஷ்ட ஈடு 20,000 வெள்ளிக்குள்ளன்னா எளிய முறை இருக்கு, சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் லாகின்) வெச்சு ஆன்லைன்லயே, வக்கீல் இல்லாமலே தாக்கல் பண்ணலாம். பணம் வேணாம், பொய் போனா போதும்ங்கறவங்களுக்கு லைபல் கேஸை விட இது எவ்வளவோ மேல்னு நான் சொல்வேன்.

அக்கம்பக்கம், உறவுக்காரங்கன்னா சமூக சமரச நிலையம். தமிழ் தெரிஞ்ச சமரசர் வேணும்னு கேக்கலாம், கட்டணம் பேருக்குத்தான். ஸ்லாண்டர்ல நஷ்டம் காட்ட முடியாத நிலைமைக்கு எனக்குத் தெரிஞ்சு உருப்படியான வழி இதுதான், எதிராளி வர ஒத்துக்கணும், அது ஒண்ணுதான் குறை.

ஸ்மால் கிளெய்ம்ஸ்ல, அதாவது சின்னத் தொகைத் தகராறைப் பார்க்கற மன்றத்துல, போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. முடியாது, அவதூறு அங்க வராது. ஆனா டெபாசிட் தகராறே தனியா அங்க போகலாம், அது வேற கதை.

8. வழக்கே போடறதா இருந்தா

கேக்கற தொகை 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் கோர்ட், 250,000 வரை டிஸ்ட்ரிக்ட் கோர்ட், அதுக்கு மேல உயர் நீதிமன்றம். வக்கீல் இல்லாம அவதூறு வழக்கு நடத்தாதீங்க, எந்த வார்த்தை, அதுக்கு என்ன அர்த்தம்னு எழுதறதுலயே ஒரு எழுத்து தப்பினா அடிபடும் சமாச்சாரம். நடுவுல சமரசத்துக்குக் கூப்பிட்டா போங்க, வர மாட்டேன்னு முறுக்கிக்கிட்டு நின்னா பின்னாடி செலவுக் கணக்குல அது தெரியும்.

9. போலீஸ்ல குடுத்தா ஜெயில்ல போடுவாங்களா

தண்டனைச் சட்டம் 499, 500ம் பிரிவுல அவதூறு குற்றமாவும் இருக்கு, ரெண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது ரெண்டும். இங்க எழுத்து, பேச்சுன்னு பிரிவினை இல்ல, வாயால சொன்னதும் உள்ள வரும். நம்ம ஊர்லயும் இதே 499, 500தான் இருந்துச்சு, இப்ப புது சட்டத்துல 356 ஆயிடுச்சு. ஆனா ஊர்ல மாதிரி ஸ்டேஷன்ல புகார் குடுத்தா கூப்பிட்டு மிரட்டி விடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, தனிப்பட்ட சண்டைக்கு பெரும்பாலும் மாஜிஸ்திரேட்கிட்ட நேரா புகார் குடுங்கன்னுதான் சொல்வாங்க. ரிப்போர்ட் போட்டு வெக்கறது ஒரு தேதி ஆதாரத்துக்கு உதவும், அவ்வளவுதான். பொய்ப் புகார் குடுத்தா அது தனிக் குற்றம்.

10. லெட்டர் உங்களுக்கே வந்தா

வக்கீல் லெட்டரும் கோர்ட் பேப்பரும் ஒண்ணு இல்ல. லெட்டர் வந்தா பதறாதீங்க, அதே நேரத்துல டிராயர்ல போட்டு மூடாதீங்க. போஸ்டை எடுக்கறதுக்கு முன்னாடி முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அது உங்களுக்கும் தேவைப்படும். எழுதினது பொய்னா சீக்கிரம் எடுத்து மன்னிப்பு கேட்டா நஷ்ட ஈடு குறையும், சட்டத்துலயே அதுக்கு எடம் இருக்கு. எழுதினது உண்மைன்னா ரசீது, மெசேஜ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் தேடி எடுத்துட்டு வக்கீலைப் பாருங்க. லெட்டரை குரூப்ல போட்டு "பாருங்கய்யா என்னை மிரட்டறாங்க"ன்னு எழுதறது வேணாம், அதே பொய்யை ரெண்டாவது தடவை பரப்பினதா அதையும் சேர்த்துக்குவாங்க.

கோர்ட் பேப்பர் கைக்கு வந்துட்டா கணக்கு மாறிடும். எதிர்க்கப் போறேன்னு 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், உங்க பதிலை 21 நாளுக்குள்ள தாக்கல் பண்ணணும், ரெண்டும் பேப்பர் கைக்கு வந்த நாள்ல இருந்து எண்ணணும். கண்டுக்காம விட்டா நீங்க இல்லாமலே தீர்ப்பு வாங்கிடுவாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போற நேரத்துல வந்துச்சுன்னா டிக்கெட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்த 14 நாள் என்னிக்கு முடியுதுன்னு காலண்டர்ல குறிச்சுட்டு, அன்னிக்கே ஒரு வக்கீலுக்கு ஃபோன் அடிங்க.